அம்மாவுக்கு வைத்த வியாதி

துணி துவைக்கும் மெஷினும் ஃப்ரிட்ஜும் விற்கும் கம்பெனி ஒன்றில், புகார் கேட்கும் பிரிவில் அவன் வேலை பார்த்தான். ஆள் உயரம் என்பதால் ஆபீசில் எல்லோருக்கும் அவன் நெட்டை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தண்ணீர் ஒழுகுகிறது, மெஷின் குதிக்கிறது, மெக்கானிக் வருவதாகச் சொல்லி ஏமாற்றிவிட்டான் என்று வரும் வசவுகளையெல்லாம் வாங்கிக்கொண்டு, "சிரமத்துக்கு மன்னிக்கணும் மேடம்" என்று சொல்வது அவன் வேலை.

பக்கத்து சீட்டில் இருந்தவளை எல்லோரும் கேக் என்று கூப்பிட்டார்கள். சனி, ஞாயிறுகளில் வீட்டில் கேக் செய்து விற்றாள். அதை ஆரம்பித்த அன்றே பிரிவுத் தலைவியிடம் போய்ச் சொல்லி அனுமதி வாங்கிவிட்டாள். அந்தத் தலைவிக்கு டீச்சர் என்று பெயர். புகார்க் குறிப்புகளில் யார் பிழையாக எழுதினாலும் கூப்பிட்டுத் திருத்த வைப்பார். "வேலை நேரத்துல செய்யாத. மத்தபடி உன் நேரம், உன் கை" என்று சொன்னதோடு, வெள்ளிக்கிழமை மதியம் அவளைச் சீக்கிரம் போகவும் விட்டார். சனிக்கிழமை ஆர்டர்களுக்கு வெள்ளி மதியமே அடுப்பு மூட்ட வேண்டும்.

நெட்டைக்கும் ஒரு தொழில் இருந்தது. ஆபீசில் யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த ஒருவன், தடித்த கண்ணாடியால் சோடா என்று பெயர் வாங்கியவன், பிறந்தநாளுக்கும் கடை திறப்புக்கும் பலூன் அலங்காரம் செய்துகொண்டிருந்தான். "உன்னைச் சேத்துக்கிட்டா எனக்கு ஏணி வாடகை மிச்சம்" என்று நெட்டையைக் கூட்டாளி ஆக்கிக்கொண்டான். உயரத்துக்காக வந்தவனுக்கு நாளடைவில் அந்த வேலையே பிடித்துப்போனது. அடியில் கரு நீலத்தில் தொடங்கி, மேலே போகப் போக வெளுத்து, உச்சியில் வெள்ளையாக முடிகிற மாதிரி அவன் ஒரு வளைவு கட்டுவான். விழாவுக்கு வந்தவர்கள் அதன் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொள்வதை ஓரமாக நின்று பார்ப்பான்.

ஆனால் அதை வெளியே சொல்ல நாக்கு எழவில்லை. கேக் என்றால் ஒரு மரியாதை இருக்கிறது. பலூனுக்கு என்ன மரியாதை? படித்துவிட்டுப் பலூன் ஊதுகிறான் என்று சிரிப்பார்கள். அதனால் மூடி மறைத்தான்.

ஞாயிற்றுக்கிழமையோடு நின்றிருந்தால் பிரச்சினை வந்திருக்காது. "பிள்ளைங்க என்ன ஞாயித்துக்கிழமை பாத்தாடா பொறக்குதுங்க?" என்றான் சோடா. வார நாட்களிலும் ஆர்டர் வந்தது. நெட்டைக்குக் காய்ச்சல் வந்தது. பல்வலி வந்தது. இல்லாத பெரியப்பா ஒருவர் செத்தும் போனார். கடைசியில் ஒருநாள் டீச்சர் கூப்பிட்டு, "உனக்கு என்னதான் பிரச்சினை? உண்மையைச் சொல்லு" என்றார்.

அன்று காலையில்தான் ஒரு பெண் போனில் அழுதிருந்தாள். செவ்வாயும் வெள்ளியும் கணவரை டயாலிசிஸுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், மற்ற நாளில் மெக்கானிக்கை அனுப்பக் கூடாதா என்று கேட்டு. அந்தக் குரல் இன்னும் நெட்டையின் காதில் இருந்தது. வாய் தானாகத் திறந்தது.

"அம்மாவுக்கு டயாலிசிஸ் மேடம். செவ்வாயும் வெள்ளியும்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பிறகு, "இதை ஏன்பா மறைச்ச?" என்று மட்டும் கேட்டார். அதுவரை அவர் யாரையும் 'பா' போட்டுப் பேசி நெட்டை கேட்டதில்லை.

அன்றே ஏற்பாடு ஆனது. செவ்வாயும் வெள்ளியும் மதியத்துக்கு மேல் அவனுக்கு விடுப்பு. அவன் சீட்டுக்கு வரும் போன்களைக் கேக் எடுக்க வேண்டும். அப்படியானால் அவளுடைய வெள்ளிக்கிழமை போச்சு. நெட்டை தலையைச் சொறிந்துகொண்டு அவளிடம் போனான்.

"அட போடா" என்றாள் கேக். "கேக்கை ராத்திரி முழிச்சுகூட சுடலாம். அம்மாவை ராத்திரி கூட்டிட்டுப் போக முடியுமா?"

அந்த வெள்ளிக்கிழமை ஒரு மருந்துக் கடை திறப்புக்குப் பச்சையும் வெள்ளையுமாக வளைவு கட்டினான். கை வேலை செய்தது. மனசுக்குள் ஏதோ நெருடியது. அடுத்த வாரம் நெருடல் குறைந்தது. அதற்கடுத்த வாரம் பழகிவிட்டது. "அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேக் கேட்டால், "பரவாயில்ல, கொஞ்சம் அசதி" என்று தயங்காமல் சொல்ல வந்தது. இரண்டொரு மாதம் இப்படியே ஓடியது.

ஒரு சனிக்கிழமை காலை. நெட்டை வீட்டில் தரையில் உட்கார்ந்து பலூன்களை நிறம் பிரித்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா முக்காலிமேல் ஏறி நின்று, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பாட்டு வேறு. அப்பா போன பிறகு நாலு வீடுகளுக்குச் சமையல் வேலைக்குப் போய் அவனைப் படிக்க வைத்தவள். பகலில் அவள் படுத்து அவன் பார்த்ததே இல்லை.

ஜன்னல் வழியாகத் தற்செயலாகப் பார்த்தான். தெருமுனை மளிகைக் கடையில் டீச்சரும் கேக்கும் நின்று வழி கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் இவன் வீட்டைக் கை நீட்டிக் காட்டினார்.

"அம்மா, இறங்கும்மா. இறங்கு சீக்கிரம்."

"இரு, இன்னும் ஒரு றெக்கை இருக்கு."

"ஆபீஸ்ல இருந்து வராங்கம்மா. உனக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லி வெச்சிருக்கேன். கிட்னி. டயாலிசிஸ். லீவுக்காகச் சொன்னேன். அப்புறம் விவரமா சொல்றேன், இப்ப படுத்துக்கம்மா, கெஞ்சிக் கேக்கறேன்."

அம்மா துணியைக் கையில் பிடித்தபடி முக்காலிமேலேயே நின்றாள். அவன் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவன் பிற்பாடு பல தடவை நினைத்துப் பார்த்தான். அதில் கோபம் இல்லை. வழியில் போகிற யாரோ ஒருவன் அம்மா என்று கூப்பிட்டுவிட்டதுபோல ஒரு திகைப்பு.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அம்மா இறங்கினாள். கையைத் துடைத்தாள், கட்டிலில் படுத்தாள், கண்ணை மூடிக்கொண்டாள். அவன் பலூன் மூட்டையையும் காற்றடிக்கும் மெஷினையும் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தான்.

"முன்னாடியே சொல்லாம வந்துட்டோம்" என்றாள் கேக். "சொன்னா வேணாம்னு சொல்லுவ. அம்மா, எந்திரிக்காதீங்க. நான் டீ போடறேன், அடுப்பங்கரை எங்கடா?" பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்விட்டாள்.

டீச்சர் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பையிலிருந்து தடித்த கம்பளிப் போர்வை ஒன்றை எடுத்தார்.

"பழம் வாங்கிட்டு வரலாம்னா, இந்த வியாதிக்குப் பாதிப் பழம் ஆகாது. அதான் இதை வாங்கினேன். மெஷின்ல போட்டிருக்கறப்ப ரொம்பக் குளிரும் இல்லம்மா? எங்க வீட்டுக்காரர் நடுங்கிப்போயிடுவார். மூணு வருஷம் அவரைக் கூட்டிட்டு அலைஞ்சேன்."

டீச்சருக்குக் கணவர் இல்லை என்பது ஆபீசுக்குத் தெரியும். எப்படிப் போனார் என்பது யாருக்கும் தெரியாது. அம்மா இருமினாள். சளிக்காரி இருமுகிற இருமல்.

டீச்சர் அம்மாவின் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பேசிக்கொண்டே, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் கட்டைவிரலால் மெதுவாகத் தடவினார். பேச்சு நின்றது. எட்டி அம்மாவின் வலது கையை எடுத்தார். அதையும் அப்படியே தடவிப் பார்த்தார். கழுத்துப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் அம்மாவின் வயிற்றின்மேல் வைத்து, புதுப் போர்வையை விரித்துக் கழுத்து வரை போர்த்திவிட்டார். குழந்தைக்குச் செய்வதுபோல ஓரங்களைச் செருகியும் விட்டார்.

டீ வந்தது. கேக்தான் பேசிக்கொண்டிருந்தாள். அம்மா படுத்திருக்க வீடு எவ்வளவு சுத்தமாக இருக்கிறது, நெட்டை இவ்வளவு பொறுப்பான பிள்ளையா என்று புகழ்ந்தாள். டீச்சர் டீயை முழுதாகக் குடித்துவிட்டு எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது நெட்டையைப் பார்க்காமல், "செவ்வாய்க்கிழமை வழக்கம்போல கிளம்பிக்கோ" என்றார்.

அவர்கள் தெருமுனை தாண்டும் வரை பார்த்திருந்துவிட்டுத் திரும்பினான். "பிழைச்சேன்மா" என்றான். அம்மா எழுந்திருக்கவில்லை.

"அந்தம்மா என் கையில என்னடா தேடிச்சு?"

"தெரியலயே."

"போன்ல பாரு."

பார்த்தான். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்குக் கையில் சின்னதாக ஆபரேஷன் செய்து ரத்தக்குழாயைப் பெரிதாக்கி வைப்பார்கள், அந்த இடம் புடைத்திருக்கும், தொட்டால் விரலுக்கடியில் அதிரும், இல்லையென்றால் கழுத்தில் குழாய் வைத்திருப்பார்கள் என்று போட்டிருந்தது. சத்தமாகப் படிக்கத் தொடங்கியவன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"அப்போ தெரிஞ்சுபோச்சு" என்றாள் அம்மா. "தெரிஞ்சும் போத்திவிட்டுட்டுப் போறாங்க." அப்போதுதான் எழுந்து உட்கார்ந்தாள். போர்வையை மடிக்கப் போனாள். கை ஓடாமல் அப்படியே வைத்தாள். "நாலு வீட்டுச் சமையக்கட்டுல நின்னிருக்கேன். ஒருத்தரும் என்னைப் பொய்க்காரின்னு சொன்னதில்ல. திங்கக்கிழமை போனதும் முதல் வேலையா அந்தம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லு. காலைப் பிடிச்சாவது மன்னிப்பு கேளு."

"சொல்றேன்மா."

திங்கட்கிழமை டீச்சரின் அறை வாசல் வரை போனான். அவர் போனில் இருந்தார். திரும்பி வந்தான். மதியம் போனான். யாரோ உள்ளே இருந்தார்கள். நாளைக்கு என்று நினைத்துக்கொண்டான். மாலையில் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்டாள், "சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"முதல்ல கோவப்பட்டாங்க. அப்புறம், பரவால்ல, இனிமே இப்படிச் செய்யாதன்னாங்க."

அம்மா பெருமூச்சு விட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். சனிக்கிழமையிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அன்றைக்குத் தட்டு நிறையப் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். நெட்டைக்குத்தான் இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் டீச்சர் அவன் சீட்டுக்கே வந்தார். "நேரமாச்சு. கிளம்பு." கேக் ஏற்கெனவே அவன் ஹெட்போனைக் கையில் எடுத்துவிட்டாள். இப்போதாவது சொல்லு என்று உள்ளுக்குள் ஒன்று உந்தியது. சுற்றிலும் ஆட்கள். பையை எடுத்துக்கொண்டு, கூனிக் குறுகி லிஃப்ட் பக்கம் நடந்தான். அன்று கட்டிய வளைவில் நிறம் மாறி மாறி விழுந்தது. சோடா பாதியைப் பிரித்து மறுபடி கட்டினான்.

வெள்ளிக்கிழமையும் அவரே சொல்லி அனுப்பினார். ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாள். மண்டபத்தில் மேஜைமேல் நின்று உச்சிப் பலூனைக் கட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கேக்.

"உங்க அம்மா ஆபீசுக்கு வந்திருந்தாங்க" என்றாள்.

அவள் அவனை எப்போதும் டா போட்டுத்தான் பேசுவாள். இப்போது அந்த 'டா' இல்லை.

"எங்க அம்மாவா?"

"ஆமா. நல்லா இருக்காங்க. படியேறித்தான் வந்தாங்க. நீங்க முடிஞ்சா ஆபீசுக்கு வந்துட்டுப் போங்க." வைத்துவிட்டாள்.

அவன் மேஜையிலிருந்து இறங்குவதற்குள் கால் தடுமாறி இரண்டு பலூன்கள் வெடித்தன. சோடா ஓடிவந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முதலில் சிரித்தான். அம்மாவைக் கட்டிலில் படுக்க வைத்த இடம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"அவங்களைப் போய் நடிக்க வெச்சியாடா?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "ஆர்டர் வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் என்ன உன்னைத் தின்னுருப்பேனா? போ. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

ஆபீசில் அவன் நுழைந்தபோது வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் தலை தூக்கவில்லை. தூக்காமலிருப்பது தெரிந்தது. சட்டையில் வெள்ளிக் காகிதத் தூள் ஒட்டியிருந்தது. கேக் அவன் சீட்டில் உட்கார்ந்து யாரிடமோ மன்னிப்பு கேட்டுக்கொண்டிருந்தாள்.

டீச்சர் அறைக் கதவைச் சாத்தச் சொன்னார். உட்காரச் சொல்லவில்லை.

"உங்க அம்மா அந்தப் போர்வையைத் துவைச்சு எடுத்துட்டு வந்தாங்க. நான் வெளியே நின்னுட்டிருந்தேன், எல்லார் முன்னாடியும் என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாங்க. 'என் பையன் எல்லாத்தையும் சொன்னானாம், நீங்க மன்னிச்சிட்டீங்களாம், அன்னைக்குப் படுத்துக் கிடந்ததுக்கு நானும் மன்னிப்பு கேக்கணும்னு வந்தேன்'னு சொன்னாங்க."

நெட்டை தரையைப் பார்த்தான். அது பிளந்து வழி விடவில்லை.

"நான் என்ன சொல்லியிருக்கணும், நீயே சொல்லு."

அவன் சட்டையில் ஒட்டியிருந்த வெள்ளித் தூளைக் கிள்ளி எடுத்தான்.

"'ஆமாம்மா, சொன்னான், மன்னிச்சிட்டேன்'னு சொன்னேன். வேற என்ன சொல்ல முடியும் அந்த முகத்தைப் பாத்துட்டு? இத்தனை வருஷ வேலையில நான் பொய் சொன்னதில்ல. என்னையும் சொல்ல வெச்சிட்ட."

"மேடம்..."

"இரு. அன்னைக்கு உங்க அம்மா கையைத் தொட்டப்ப எனக்குக் கோவம் வரல. இவங்களுக்கு ஒண்ணும் இல்ல, நல்லா இருக்காங்கன்னு சந்தோஷமாத்தான் இருந்துச்சு. பஸ்ல ஏறி உக்காந்த பிறகுதான்..." அவர் மேஜைமேலிருந்த போர்வையைத் தள்ளி வைத்தார். "ஒவ்வொரு செவ்வாயும் நீ போனப்புறம் கடிகாரத்தைப் பாப்பேன். இப்ப ஊசி குத்தியிருப்பாங்க, இப்ப தலை சுத்தும், இப்ப கழட்டுவாங்கன்னு. மறந்துபோயிருந்ததை எல்லாம் உட்கார வெச்சு மறுபடி பாக்க வெச்ச. எதுக்கு? நீயா வந்து சொல்லுவன்னுதான் இந்த வாரமும் நானே உன்னைக் கிளம்பச் சொன்னேன். எங்க போன?"

"பலூன் கட்டறேன் மேடம். பிறந்தநாளுக்கு."

அவர் அவனை உற்றுப் பார்த்தார்.

"இவ்வளவுதானா?" என்றார். "இதைச் சொல்லவா வெக்கப்பட்ட?"

அவர் அன்று திட்டியிருந்தால், வேலையை விட்டுப் போ என்றிருந்தால், ஒருவேளை தாங்கியிருப்பான். அந்த 'இவ்வளவுதானா'வைத் தாங்க முடியவில்லை. எச்சரிக்கைக் கடிதம் கொடுப்பேன், வெள்ளிக்கிழமை இனி உனக்குக் கிடையாது, அது கேக்கோடது, அவகிட்ட நீயே பேசிக்கோ என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

கேக் ஹெட்போனைக் கழற்றி வைக்கும் வரை பக்கத்தில் நின்றான். "கேக்..." என்று தொடங்கினான்.

"உங்க சீட்டு" என்று எழுந்துகொண்டாள். "லைன்ல ஒருத்தர் காத்திட்டிருக்காங்க. அவங்களைக் கவனிங்க."

வீட்டில் அம்மா நல்ல மனநிலையில் இருந்தாள். நல்ல புடவையைக் கூட இன்னும் மாற்றவில்லை. "எவ்வளவு நல்ல மனுஷிடா அவங்க. ஒரு சொல் சொல்லலயே. நீ சொல்லிட்டன்னு அவங்க வாயால கேட்டப்பதான் எனக்கு உயிரே வந்துச்சு. தப்புப் பண்ணினாலும் ஒத்துக்கிட்டான்ல என் பிள்ளைன்னு இருந்துச்சு."

அப்படியே விட்டுவிடலாம். டீச்சர் காட்டிக்கொடுக்க மாட்டார். கேக்குக்கு அம்மாவிடம் பேச வேலையில்லை. அம்மா சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு மனசு சொன்னது. அந்த மனசை அவன் நன்றாகவே அறிவான். அம்மாவுக்கு வியாதி வைத்ததும் அதுதான்.

"நான் சொல்லலம்மா."

"என்னது?"

"திங்கக்கிழமை நான் சொல்லவே இல்ல. இன்னைக்கு நீ போய்த்தான் எல்லாருக்கும் தெரிஞ்சுது. அவங்க உன் மனசு நோகக் கூடாதுன்னு அப்படிச் சொல்லிட்டாங்க."

அம்மா புடவைத் தலைப்பைக் கையில் பிடித்தபடி நின்றாள். பிறகு மெதுவாக, "அத்தனை பேர் முன்னாடி நானா போய் நின்னேன்" என்றாள். அவனிடம் சொல்லவில்லை. உள்ளே போய்ப் புடவையை மாற்றிக்கொண்டு வந்து அரிசி களைய உட்கார்ந்தாள். அவன் அடுப்பங்கரை வாசலில் உட்கார்ந்தான். "போ" என்றும் அவள் சொல்லவில்லை, "வா" என்றும் சொல்லவில்லை. சில நாட்கள் சாப்பாடு மட்டும் தட்டில் வந்தது. பேச்சு மெல்ல மெல்லத்தான் வந்தது.

எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வாங்கிக்கொண்டான். பலூன் வேலையை எழுதிக் கொடுத்து, ஞாயிறு மட்டும் செய்வதாக அனுமதி வாங்கினான். யாரும் சிரிக்கவில்லை. சிலர் விலைகூட விசாரித்தார்கள்.

கொஞ்ச நாள் கழித்து, ஆபீஸ் டிரைவர் தன் மகளின் பிறந்தநாளுக்கு அவனையே கட்டச் சொன்னார். ஒரு சின்னக் கூடம். மஞ்சளில் தொடங்கி வெள்ளையில் முடியும் வளைவைக் கட்டிவிட்டு அதன் கீழே மேஜையை நகர்த்திக்கொண்டிருந்தான். வாசலில் பெரிய அட்டைப் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்தியபடி கேக் வந்தாள். அண்ணாந்து வளைவைப் பார்த்தாள். முகத்தில் ஒரு கணம் ஏதோ இளகியதுபோல இருந்தது. பழையபடி ஒரு 'டா' வந்துவிடும் என்று அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

"கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?" என்றாள் அவள். "கேக்கை வைக்கணும்."

அவன் தள்ளி நின்றுகொண்டான்.